எத்தனை அடி மேசை?

பில்லியர்ட்ஸ் மேசை வாங்க நினைப்பவர் என்னிடம் முதலில் கேட்பது விலை. அடுத்த கேள்வி, "ஃபுல் சைஸ் போட முடியுமா?" அறையின் அளவை அவராகச் சொல்வதில்லை. நான் கேட்டால், "பெரிய ரூம்தான்" என்பார். போய்ப் பார்த்தால் அந்தப் பெரிய ரூம் 12-க்கு 15 இருக்கும். கட்டிலும் பீரோவும் போடுகிறவருக்கு அது தாராளமான அறைதான். மேசை போடுகிறவனுக்கு அதில் ஆடும் இடமே கிடையாது.

மேசை இறக்கிப் பூட்டுவது, மட்டம் பார்ப்பது, துணி மாற்றுவது, செத்துப்போன குஷனுக்கு உயிர் கொடுப்பது, இதெல்லாம்தான் என் தொழில். சென்னையில் பழைய கிளப் ஒன்றில் என் தாய்மாமா மார்க்கராக இருந்தார். மார்க்கர் என்றால் ஸ்கோர் சொல்பவர் என்று வெளியில் நினைப்பார்கள். துணியைப் பிரஷ் போட்டு இஸ்திரி போடுவதும், கியூவுக்கு டிப் ஒட்டுவதும், ஜோடி வராத மெம்பருக்கு எதிரே நின்று ஆடுவதும், ஆடும்போது மெம்பர் மனம் நோகாமல் அளவாகத் தோற்பதும் மார்க்கர் வேலைதான். பள்ளி விடுமுறையில் அவருக்கு எடுபிடியாகப் போனவன் அப்படியே அந்தத் தொழிலில் தங்கிவிட்டேன். கிளப் மேசைகளோடு நின்றிருந்தால் அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது. அங்கே எல்லாம் 12 அடி, அதாவது ஃபுல் சைஸ். அடுக்குமாடிக் குடியிருப்புகளும், கடற்கரைச் சாலை பங்களாக்களும், கல்லூரிப் பக்கத்து பூல் பார்லர்களும் வந்த பிறகுதான் ஒவ்வொரு வேலையும் இந்தக் கேள்வியோடு ஆரம்பிக்கத் தொடங்கியது.

12 அடி மீது நம்மவர்களுக்கு இருக்கும் மோகத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த ஆட்டம் இந்தியாவில் ராணுவ மெஸ்ஸிலும் கிளப்பிலும் வேர் விட்டது. ஸ்னூக்கர் பிறந்ததே இங்கேதான். 1875-ல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி கலர் பந்துகளைச் சேர்த்து ஆடத் தொடங்கிய ஆட்டம் அது. பிரிட்டனின் பிரதமராக இருந்த சேம்பர்லின் வேறு ஆள். ஸ்னூக்கர் விதிகள் 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. பிறகு வில்சன் ஜோன்ஸ் 1958-ல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1973-ல் பம்பாயில் அதே பட்டத்தை இலங்கையின் லாபிர் வென்றார். எல்லாமே 12 அடி மேசையில் நடந்தவை. அதனால் நம் ஊரில் பில்லியர்ட்ஸ் என்றாலே ஃபுல் சைஸ்தான், மற்றதெல்லாம் பிள்ளைகளுக்கு என்று ஓர் எண்ணம் படிந்துவிட்டது.

ஆனால் அந்த கிளப்புகளில் மேசையை வைத்துத்தான் அறையைக் கட்டினார்கள். நாம் கட்டி முடித்த அறைக்குள் மேசையைத் திணிக்கப் பார்க்கிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 12 அடி மேசையில் ஆடுகிற பரப்பு, அதாவது குஷன் விளிம்பிலிருந்து எதிர்க் குஷன் விளிம்பு வரை, 11 அடி 8½ அங்குலம் நீளம், 5 அடி 10 அங்குலம் அகலம். பூல் மேசையில் 9 அடி என்றால் 100-க்கு 50 அங்குலம். 8 அடியில் இரண்டு வகை: வீட்டுக்கு வருவது பெரும்பாலும் 88-க்கு 44; போட்டி அளவில் வருவது 92-க்கு 46. 7 அடி என்றால் ஏறக்குறைய 78-க்கு 39. கம்பெனிக்குக் கம்பெனி ஓரிரண்டு அங்குலம் மாறும். எல்லாவற்றிலும் நீளம் அகலத்தைப்போல இரண்டு மடங்கு. 12 அடி மேசையில் மட்டும் அரை அங்குலம் கூடும். விற்கிறவர்களில் சிலர் மரச்சட்டத்தின் வெளியளவைச் சொல்லி 7 அடி மேசையை 8 அடி என்று தலையில் கட்டிவிடுவார்கள். கடைக்குப் போகும்போது டேப்பை எடுத்துப் போய் குஷனிலிருந்து குஷனுக்கு அளந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

இனி அறை. மாமாவிடம் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. 64 அங்குலத்துக்கு அறுத்து, ஒரு முனையில் சிவப்புத் துணி சுற்றியிருப்பார். "மேசைய அப்புறம் அளக்கலாம்டா, மொதல்ல ஸ்டிக்க அள" என்பார். கியூ 58 அங்குலம்; பின்னால் கையை இழுக்க 6 அங்குலம். குஷனை ஒட்டி நிற்கும் பந்தைச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று அடிக்கும்போது இந்த 64 அங்குலமும் மேசைக்கும் சுவருக்கும் இடையில் இருந்தாக வேண்டும். கடைக்காரர்கள் தரும் அட்டவணையில் கியூவின் நீளத்தை மட்டும் இரண்டு பக்கமும் கூட்டியிருப்பார்கள். அந்தக் கணக்குப்படி 7 அடிக்கு 13-க்கு 16¼ அடி அறை, 8 அடிக்கு 13½-க்கு 17, 9 அடிக்கு 14-க்கு 18, ஃபுல் சைஸுக்கு 16-க்கு 22. இது குறைந்தபட்ச அளவு. இதற்கு மேல் ஒவ்வொரு பக்கமும் அரை அடி இருந்தால்தான் தோள் இறுகாமல் அடிக்கலாம்.

நான் அளப்பது இப்படி. காலி அறையில் தரையில் சாக்பீஸால் மேசையின் ஆடும் பரப்பை மட்டும் வரைவேன். வெளிச்சட்டம் வேண்டாம், அது மனதைக் குழப்பும். பிறகு வீட்டுக்காரர் கையில் ஒரு கியூவைக் கொடுத்து, கோட்டின்மேல் ஒரு பந்தை வைத்து, "அடிங்க சார்" என்பேன். முதல் மூன்று நான்கு அடிகள் ஒழுங்காகப் போகும், ஏனென்றால் எல்லோரும் நடு அறையைப் பார்த்து நின்று வசதியான பக்கத்திலிருந்துதான் அடிப்பார்கள். நான் பந்தை நகர்த்தி அலமாரிப் பக்கக் கோட்டில் வைப்பேன். கியூவின் அடிப்பகுதி அலமாரிக் கதவில் டொக் என்று முட்டும். அவர் அரை அடி முன்னால் பிடித்துப் பார்ப்பார். முழங்கையைத் தூக்கிப் பார்ப்பார். கியூவை மேலிருந்து கீழாகச் சாய்த்துப் பார்ப்பார்; பந்து துள்ளும். இந்த நேரத்தில் நான் எதுவும் சொல்வதில்லை. அட்டவணையைக் காட்டினால் வாதம் செய்கிறவர்கள் அலமாரியிடம் வாதம் செய்வதில்லை. வார்ட்ரோப், உள்பக்கம் திறக்கும் கதவு, ஜன்னல் கிரில்லின் பிதுக்கம், திரைச்சீலைக் கம்பி, ஓரத்தில் அரை அடி துருத்தி நிற்கும் தூண், எதுவும் பிளானில் பார்த்தால் தெரியாது. அடித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

12-க்கு 15 அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 7 அடி மேசையைப் போட்டால் அகலப் பக்கங்களில் 52½ அங்குலமும் நீளப் பக்கங்களில் 51 அங்குலமும் மிஞ்சும். தேவை 64. அப்படியானால் பக்கவாட்டுக் குஷன்களை ஒட்டி 11½ அங்குலப் பட்டைக்குள் நிற்கும் பந்துகளைச் சுவருக்கு நேர் எதிரே அடிக்க முழுக் கியூ ஆகாது. 39 அங்குல அகலத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 23 அங்குலம் போய்விட்டது. பாதிக்கு மேல் குட்டைக் கியூ ராஜ்யம். 48 அங்குலக் குட்டைக் கியூ கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி மூலையில் வைத்திருப்பதில் தப்பில்லை. ஒரு தூண் இடிக்கிற ஓரிடத்துக்கு அது உதவும். ஆட்டத்துக்கு ஆட்டம், பந்துக்குப் பந்து கியூவை மாற்றி மாற்றி எடுக்க வேண்டியிருந்தால் ஒரு மாதத்தில் மேசைமேல் இஸ்திரித் துணி அடுக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதற்காக அறை ஓர் அங்குலம் குறைந்தாலும் மேசையே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். எந்தப் பக்கம் குறைந்தால் தாங்கும் என்பதில்தான் சூட்சுமம். பூல் ஆட்டத்தில் பிரேக் அடிக்கும் பக்கம், அதாவது அடுக்கிய பந்துகளை முதல் அடியில் சிதறடிக்க நிற்கும் பக்கம், தாராளமாக இருக்க வேண்டும். அங்கே கை முழுசாகப் பின்னால் போகும், உடம்பே முன்னால் பாயும். அந்தச் சுவர்ப் பக்கம் இன்னும் கொஞ்சம் விட்டு, பந்து அடுக்கும் பக்கத்தில் நாலைந்து அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். மேசை அறையின் நட்டநடுவில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. லைட் பாயின்ட் நடுவில் இருக்கிறதே என்று மேசையை அதற்குக் கீழே தள்ளுபவர்களிடம்தான் எனக்குக் கோபம் வரும். லைட்டை நகர்த்துவது எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

லைட்டோடு ஃபேனையும் சொல்லிவிடுகிறேன். விளக்குகள் கூரையில், ஃபேன் அதற்குக் கீழே என்றால் இறக்கையின் நிழல் துணியில் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் கண் வலிக்கும். குத்தாகக் கியூவைப் பிடித்து மாஸே அடிக்க ஆசைப்படும் பையன் இருக்கும் வீட்டில் கணக்கு இன்னும் இடிக்கும்: மேசைப்பரப்பு இரண்டரை அடி உயரத்தில், அதன்மேல் கியூ 58 அங்குலம், மொத்தம் 7 அடி 4 அங்குலம், அதற்கு மேல் அவன் கையை ஓங்கினால் ஃபேன். மேசைக்கு நேர் மேலே ஃபேன் வேண்டாம். சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அறை இடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பெரியதே நல்லது என்று ஆகிவிடாது. எந்த ஆட்டம், யார் ஆடப்போகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

7 அடி மேசை சுலபம் என்கிற நினைப்பு அரைவாசிதான் சரி. தூரம் குறைவு, ஆகவே நேர்ப் பந்து போடுவது சுலபம். ஆனால் பந்து சிறியதாவதில்லை. அமெரிக்கன் பூல் பந்து எந்த மேசையிலும் 2¼ அங்குலம்தான். 9 அடி மேசையின் பரப்பு 5,000 சதுர அங்குலம்; 7 அடியில் 3,042. அதே பதினைந்து பந்துகளும் வெள்ளைப் பந்தும் ஐந்தில் மூன்று பங்கு இடத்துக்குள் கிடக்கும். பிரேக் அடித்ததும் அங்கங்கே இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு நிற்கும், போடலாம் என்று பார்த்த பாதையில் வேறொரு பந்து உட்கார்ந்திருக்கும், வெள்ளைப் பந்தை நிறுத்த உள்ளங்கை அகல இடம்தான் கிடைக்கும். அமெரிக்காவின் பார்களில் இடம் இல்லாமல் வந்த அளவு இது. அங்கே அதற்கென்றே தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வலுவாக அடித்து நான் பார்த்ததில்லை. வெள்ளைப் பந்தை அரை அடிக்கு மேல் நகர்த்தாமலே ரேக்கை முடித்துவிடுவார்கள். நம் ஊர்ப் பையன்கள் அதே மேசையில் பலத்தைக் காட்டுவார்கள், பந்து இரண்டு சுற்று வந்து எங்கேயோ நிற்கும்.

9 அடி வேறு பாடம் சொல்லித்தரும். சுற்றிலும் இடம் கிடக்கும், பந்துகள் தாமாகப் பிரியும், ஆனால் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போட வேண்டி வரும்போது கியூ கோணியிருந்தால் அங்கேயே அம்பலம். பூலின் உலகப் போட்டிகள் இந்த அளவில்தான் நடக்கின்றன. மகனோ மகளோ போட்டிக்குப் போக வேண்டும் என்று நினைக்கும் வீட்டுக்கு, அறை 15-க்கு 19 இருந்தால், யோசிக்காமல் 9 அடி என்பேன். சிறிய மேசையில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போகிறவர் ஆளைத் தோற்கடிப்பதற்கு முன்னால் மேசையோடு போராட வேண்டியிருக்கும். 9 அடியில் பழகியவர் 7 அடிக்கு வந்தால் நெரிசல் கொஞ்ச நேரம் எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஃபுல் சைஸ் மேசை இவற்றோடு ஒப்பிட முடியாதது. பரப்பில் 9 அடியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பந்தோ சிறியது, 52.5 மில்லிமீட்டர். பூல் மேசையின் மூலைப் பாக்கெட் வாயில் இரண்டு பந்து அகலம் இருக்கும், ஓரங்கள் நேராக வெட்டியிருக்கும். ஸ்னூக்கர் பாக்கெட் மூன்றரை அங்குலத்துக்கு அருகில், ஓரங்கள் உருண்டிருக்கும். குஷனை உரசிக்கொண்டு வேகமாக வரும் பந்தை அது வெளியே துப்பிவிடும். நடுவில் கிடக்கும் பந்தை எட்டக் குட்டையானவருக்கு ரெஸ்ட், அதாவது கியூவைத் தாங்கும் நீளக் கம்பு, வேண்டும். ஸ்னூக்கரோ மூன்று பந்து பில்லியர்ட்ஸோ ஆடுகிறவருக்கு இந்தக் கஷ்டம்தான் சுகம். அவரிடம் போய் 9 அடி ஸ்னூக்கர் மேசையை விற்கக்கூடாது. சொந்த அபிப்பிராயம்தான்: 10 அடி ஸ்னூக்கர் மேசையைக்கூட அறையைத் தவிர வேறு காரணம் சொல்லி வாங்குவதில் அர்த்தமில்லை. அறை 15-க்கு 20-ல் நின்றுவிட்டது, ஸ்னூக்கர்தான் வேண்டும் என்றால், சரி, போடலாம். சீனாவில் 9 அடி மேசைக்கு ஸ்னூக்கர் மாதிரி உருண்டை வாய்ப் பாக்கெட் வைத்துப் பூல் பந்துகளில் ஆடும் ஹேபால் ஆட்டம் பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஸ்னூக்கர் கைக்கு அது நன்றாகவே ஒத்துப்போகும். அறை சிறியதாக உள்ள ஸ்னூக்கர்காரர்களுக்கு நான் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

அடுக்குமாடிக் குடியிருப்பு கிளப் ஹவுஸ் என்றால் சங்கச் செயலாளர்கள் கூடிப் பேசி, "நம்ம கம்யூனிட்டிக்கு ஃபுல் சைஸ் இருந்தாத்தான் கெத்து" என்று வந்து நிற்பார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் அப்படி ஒரு குடியிருப்பு. செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இளமையில் கிளப்பில் ஸ்னூக்கர் ஆடியவர்.

"சார், சாயங்காலம் இங்க யாரு வருவாங்க?" என்று கேட்டேன்.

"பசங்க. எட்டாவது, ஒம்பதாவது படிக்கிறதுங்க. அப்புறம் ஐ.டி. பசங்க, ஒன்பது மணிக்கு மேல."

"எவ்ளோ நேரம் ஆடுவாங்க?"

"அரை மணி நேரம் ஸ்லாட்டுதாம்ப்பா குடுக்க முடியும்."

அரை மணி நேரத்தில் பழக்கமில்லாத இரண்டு பேர் ஸ்னூக்கரில் ஒரு ஃபிரேமை, அதாவது ஓர் ஆட்டத்தை, முடிக்க மாட்டார்கள். எட்டாவது படிக்கும் பையன் 12 அடி மேசையின் நடுவை எட்ட மேசைமேல் ஏறிப் படுப்பான்; பெல்ட் பக்கிள் துணியைக் கிழிக்கும்; எனக்குத்தான் வேலை வரும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபுல் சைஸ் வைக்கும் இடத்தில் இரண்டு 8 அடி மேசையை அடக்கிவிடலாம் என்று நினைப்பார்கள்; அதுவும் நடக்காது, பக்கத்துப் பக்கத்தில் ஆடும் இரண்டு பேர் முதுகோடு முதுகு முட்டாமல் இருக்க இடையில் குறைந்தது ஒரு கியூ நீளம் வேண்டும். அந்த இடத்தில் ஒரே ஒரு 8 அடி மேசை போட்டோம். செயலாளருக்கு மனசில்லை. இப்போது அவர்தான் மதிய நேரத்தில் தனியாக வந்து ஆடுகிறார் என்று காவலாளி சொன்னார்.

எல்லா அளவுக்கும் பொதுவான ஒன்று ஸ்லேட். லண்டனில் ஜான் தர்ஸ்டன் 1826-ல் மரத்துக்குப் பதில் ஸ்லேட் கல்லைப் போட்டு மேசை செய்தார். இன்றுவரை அதற்கு மாற்று வரவில்லை. நம் கடற்கரை ஊர்களில் விலை குறைவென்று எம்.டி.எஃப். பலகை மேசை வாங்குகிறவர்கள் இரண்டு ஐப்பசி மழையைப் பார்த்தபின் என்னைக் கூப்பிடுவார்கள். பலகை ஈரத்தை இழுத்து ஊதி, நடுவில் தொய்ந்து, எந்தப் பந்தை விட்டாலும் ஒரே பாக்கெட் பக்கம் போகும். அதற்கு மருந்து கிடையாது. காசு இல்லையென்றால் பெரிய பலகை மேசையைவிடச் சிறிய ஸ்லேட் மேசை வாங்குங்கள்.

ஈரத்துக்கும் அளவுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. ஸ்னூக்கர் மேசைத் துணி கம்பளி. பூ உள்ள துணி. ஒரு பக்கமாகவே பிரஷ் போட்டு, அதே திசையில் கனமான பெட்டியால் இஸ்திரி போட வேண்டும். மழைக்காலத்தில் துணி ஈரம் குடித்துக் கனத்துப்போகும். 7 அடி மேசையில் அது பெரிதாகத் தெரியாது. 12 அடியில் வெள்ளைப் பந்து மேல் குஷனைத் தொட்டுத் திரும்பி வருவதற்குள் பாதி வழியில் நின்றுவிடும். பெரிய போட்டிகளில் ஸ்லேட்டுக்கு அடியில் ஹீட்டர் வைப்பது இதற்காகத்தான். வீட்டில் குறைந்தபட்சம் ஏ.சி.யாவது ஓட வேண்டும். துணி மாற்றும்போதும் பரப்புக்குத் தகுந்த காசு. 12 அடியைத் தினமும் துலக்கத் தயாராக இல்லாதவர் அதை வாங்கி என்ன செய்ய? தூசியும் சாக் பொடியும் படிந்த ஃபுல் சைஸ் மேசையைவிடப் பரிதாபமான சாமான் ஒரு வீட்டில் இருக்க முடியாது.

மட்டம் பார்ப்பதிலும் அளவு வித்தியாசம் காட்டும். 9 அடி வரை பெரும்பாலும் மூன்று துண்டு ஸ்லேட். ஃபுல் சைஸில் ஐந்து, நான்கு இணைப்பு, எட்டுக் கால். ரசமட்டம் வைத்து ஒவ்வொரு துண்டாகச் சரிபார்த்து, இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பார்ப்பேன். நகம் தட்டினால் ஒரு துண்டு உயரம். அடியில் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி வைப்போம். சில சமயம் அது அதிகமாகி, பழைய பஸ் டிக்கெட் அளவு தாள் போதும். அப்புறம் இணைப்பில் மெழுகோ பட்டியோ வைத்து வழித்துவிட வேண்டும். வெயில் இறங்கும் மொட்டைமாடி அறையில் மெழுகு இளகும், அங்கே பட்டிதான். கடைசியாக ஒரு பந்தை எடுத்து நீளவாக்கில் மெல்ல உருட்டிவிடுவேன். வேகமாகப் போகும் பந்து பொய் சொல்லும். நிற்கப் போகிற கடைசி ஓர் அடியில்தான் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். புது வீடுகளில் தரையில் பெரிய டைல்ஸ். கால் வரும் இடத்தை முதலில் தட்டிப் பார்ப்பேன். உள்ளே வெற்றிடம் இருந்து தொப் தொப்பென்று கேட்டால் அந்த டைல் ஒருநாள் விரியும், மட்டம் போகும்.

மாடியில் ஃபுல் சைஸ் என்றால் இன்னும் ஒருவரைக் கேட்கச் சொல்வேன். மேசையின் மொத்த எடை ஏறக்குறைய 1,400 கிலோ. வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று வைத்து வடிவமைப்பது வழக்கம். மேசை அடைக்கும் இடத்தில் பரப்பிப் பார்த்தால் கணக்கு அந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சுற்றி ஆறு பேர் நிற்பதும், எடை எட்டுப் புள்ளிகளில் இறங்குவதும் தனி. பீம் எங்கே ஓடுகிறது என்று கட்டட எஞ்சினியர் சொன்னால் கால்களை அதற்கேற்ப வைக்கலாம். அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் நானும் லாரியைக் கூப்பிடுவதில்லை. 8 அடி, 9 அடி மேசைகள் இதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். அவற்றுக்கு இந்தக் கவலை அநேகமாக வராது.

சென்ற ஆண்டு அண்ணா நகரில் ஒரு வீடு. கணவர் 9 அடி என்று ஒற்றைக் காலில் நின்றார். மனைவி, "ஏங்க, நாலு பேர் வந்தா எங்க உக்கார வைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஹாலும் டைனிங்கும் சேர்ந்த நீளமான இடம். அகலம் மட்டும் 13½ அடி. சாக்பீஸால் 9 அடி வரைந்தேன். சோபா இருக்கும் சுவரில் இடித்தது. அழித்துவிட்டு 8 வரைந்தேன். கணவர் அடித்துப் பார்த்தார், பையன் அடித்துப் பார்த்தான். அந்த அம்மா என் கையிலிருந்து கியூவை வாங்கினார். கல்லூரியில் கேரம் ஆடியவராம். சுவரோரக் கோட்டிலிருந்து ஒன்று அடித்தார், கியூ பின்னால் உரசியது. "இதுவும் இடிக்குதே" என்றார். 7 அடி வரைந்தேன். இடிக்கவில்லை, ஆனால் பின்னால் கை இழுக்க இடம் கொஞ்சம்தான். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் 52 அங்குலக் கியூ ஒன்று சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். மேல்பலகை போட்டு மூடினால் சாப்பாட்டு மேசையாகும் மாடல் அந்த அளவில் இருக்கிறது என்றும் சொன்னேன். உயரம் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல். நாற்காலியை உயர்த்திச் செய்துகொள்ள வேண்டும். கணவர் முகம் வாடியது. "சாம்பார் கொட்டினா?" என்றார்.

"பலகைக்குக் கீழ ரப்பர் ஷீட் போட்டுத் தரேன் சார்."

அப்படித்தான் முடிவானது. கணவர் முன்பணம் எடுத்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று வெளியே போய் லிஃப்ட்டைப் பார்த்தேன். ஆறு பேர், 408 கிலோ என்று எழுதிய சின்ன லிஃப்ட். ஸ்லேட்டைப் படுக்கவைத்துத் தூக்கினால் தன் எடையிலேயே விரிசல் விடும். எப்போதும் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். ஒரு துண்டு, இரண்டு ஆள், மேலே போய் இறக்கிவிட்டு மறுபடி கீழே. கதவின் அகலத்தையும் உயரத்தையும் அளந்தேன், ஃபிளாட் வாசலை அளந்தேன், லிஃப்ட் நின்றுபோனால் என்ன செய்வது என்று படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்து குறித்துக்கொண்டேன். மூன்று இடத்திலும் வழி இருந்தது. அதன்பிறகு பணத்தை வாங்கி ரசீது எழுதினேன்.